பூ இல்லாதபோதும் செங்காந்தளை அடையாளம் காண்போம்

கோடை மழை ஈரத்தில் வேலியோரத்தையும் புதர்க்காட்டையும் கொத்தும்போது, வெள்ளைச் சதையுள்ள கிழங்கு சில சமயம் அகப்படும். காட்டுவள்ளி என்று எண்ணி அதை அவித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். அது செங்காந்தள் கிழங்காக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்குக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்ற பெயர்களும் உண்டு. பூத்து நிற்கும்போது இதை அடையாளம் காண்பது எளிது. நெளிந்த ஓரமுள்ள 6 இதழ்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கும். பச்சையாக விரிந்து, மஞ்சளும் சிவப்புமாக மாறி, முடிவில் முழுச் சிவப்பாகும். ஆனால் வறண்ட காலத்தில் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும். அப்போதும், புதிதாகத் துளிர்க்கும்போதும்தான் ஆள் ஏமாறுவது.

இலை: காம்பில்லாமல் நீண்டு, நுனி கூராக இருக்கும். நரம்புகள் மூங்கில் இலையில் உள்ளதுபோல நேர்க்கோடாக ஓடும். மேல் இலைகளின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும். அடி இலைகளில் சுருள் இல்லாமலும் இருக்கலாம். வள்ளிக்கொடியின் இலை பெரும்பாலும் இதய வடிவில், காம்புடன் இருக்கும். இலை நுனி சுருளாது. தண்டுதான் சுற்றி ஏறும்.

கிழங்கு: பெரும்பாலும் இரண்டு கிளையாக, கலப்பைபோல வளைந்திருக்கும். கிளைகளின் முனை கூராகி, அங்கிருந்து முளை வரும்.

செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். வேகவைத்தாலும் போகாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்படும். வாந்தி வரும்வரை காத்திராமல், கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல், 108-ஐ அழைக்க வேண்டும். மீதமுள்ள கிழங்கையோ கொடியையோ மருத்துவரிடம் காட்டினால் சிகிச்சைக்கு உதவும். ஆடு மாடுகளுக்கும் இது நஞ்சே.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் மருந்துத் தயாரிப்புக்கான விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அத்தகைய வீடுகளில் விதைக்கிழங்கைச் சமையலறையிலோ உணவுக் கிழங்கு மூட்டையின் பக்கத்திலோ வைக்கக் கூடாது. தனிச் சாக்கில் ‘விஷம்’ என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கிழங்கையும் விதையையும் கையாளும்போது கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கொடியைப் பார்க்காமல் தோண்டிய கிழங்கு எதுவானாலும் சந்தேகம் இருந்தால் அடுப்பில் ஏற்றாதீர்கள்.