இருபது அங்குலத்துக்குள் ஒரு பட்டறை

2016-ல் ஷெவர்லே நிறுவனம் வெளியிட்ட ஒரு விளம்பரம் அமெரிக்க வாகனப் பிரியர்களிடையே பெரிய வாய்ச்சண்டையைக் கிளப்பியது. அதில் இரண்டு பிக்அப் ட்ரக்குகள். ஒன்று ஷெவர்லேயின் சில்வராடோ. அதன் பின்தொட்டி எஃகு. மற்றது போட்டியாளரான ஃபோர்டின் எஃப்-150; அதன் பின்தொட்டி அலுமினியம். முதலில் இரண்டிலும் லோடர் எந்திரத்தால் கான்கிரீட் கற்களைக் கொட்டினார்கள். பிறகு, தொட்டியின் விளிம்பில் ஒரு காலி டூல் பாக்ஸை வைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். எஃகில் பள்ளம் விழுந்தது. அலுமினியத்தில் ஓட்டையே விழுந்தது.

போட்டியாளரை மட்டம் தட்டுவதற்காக எடுத்த விளம்பரம்தான். ஆனால் சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளைக் கவனியுங்கள். ஒரு ட்ரக்கின் முதுகில் அன்றாடம் என்ன விழும் என்று யோசித்தபோது கான்கிரீட் கல்லுக்கு அடுத்தபடியாக அவர்களுக்குத் தோன்றியது டூல் பாக்ஸ். அந்த ஊரில் பிக்அப்பும் டூல் பாக்ஸும் அவ்வளவு ஒட்டுறவு. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், கூரை வேய்பவர், ஏர்கண்டிஷனர் மெக்கானிக், டெக்சஸில் மாடு வளர்ப்பவர் என யார் வண்டியைப் பார்த்தாலும் கேபினுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பளபளப்பான பெட்டி உட்கார்ந்திருக்கும்.

ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பூட்டி விற்ற முதல் பிக்அப், 1925-ல் 281 டாலர் விலையில் வந்த மாடல் டி. இன்று அதே நிறுவனத்தின் எஃப் வரிசை, 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் ட்ரக்காக இருந்துவருகிறது. நூறாண்டுகளில் எஞ்சின் மாறியது, இருக்கை மாறியது. திறந்த தொட்டியில் போட்ட ஸ்பேனர் மழையில் நனையும், திருடு போகும், பிரேக் அடித்தால் முன்னால் ஓடும் என்பது மட்டும் மாறவில்லை. பெட்டி வாங்கினால் இந்த மூன்றும் தீரும். ஆனால் பெட்டி சும்மா வந்து உட்காராது. வண்டியின் இடத்தில் கொஞ்சம், சுமக்கும் திறனில் கொஞ்சம், பின்கண்ணாடிப் பார்வையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். என்ன கொடுக்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். என்ன எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கை வாங்குபவர்தான் போட வேண்டும்.

எங்கே உட்காரும்?

அதிகம் புழங்குவது குறுக்குப் பெட்டி. கேபினை ஒட்டி, குதிரை முதுகில் சேணம் ஏறியதுபோல, தொட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் தோள்களை ஊன்றி நிற்கும். உடல் உள்ளே தொங்கும். பெரிய ட்ரக்குகளுக்கு ஏறத்தாழ 70 அங்குலம், டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர வண்டிகளுக்கு ஏறத்தாழ 60 அங்குலம் நீளம் வரும். முன்பின் அகலம் 20 அங்குலம் அளவில் இருக்கும்.

இரண்டாவது வகை, சுவரின் மேல் நீளவாக்கில் பொருத்தும் பக்கப் பெட்டி. தொட்டிக்குள் ஏறாமல் தரையில் நின்றபடியே கதவைத் திறக்கலாம் என்பதால் பிளம்பர்களுக்கு இது பிடிக்கும். மூன்றாவது, தரையிலேயே உட்காரும் பெட்டகம். கொள்ளளவு அதிகம், தரை இடத்தையும் அதிகம் தின்னும். நான்காவது, தொட்டிக்குக் கீழே சேஸிஸ் ஓரமாகத் தொங்குவது. இந்த நான்காவது வகை நமக்கு அறிமுகமானது. நம் ஊர் லாரிகளிலும் பெட்டி அங்கேதான் தொங்கும். பக்கப் பலகைகளைத் திறந்து இறக்கும் வண்டியில் குறுக்குப் பெட்டி தோள் ஊன்றுவதற்கு அசையாத சுவர் கிடையாதே! அமெரிக்க பிக்அப்பில் பின்கதவு மட்டும்தான் திறக்கும், பக்கச் சுவர்கள் நிலையானவை. குறுக்குப் பெட்டி அங்கே தோள் ஊன்ற முடிவது அதனால்தான்.

வண்டி நிறுவனங்களும் இந்தச் சந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஹோண்டா தனது ரிட்ஜ்லைனில் 2006 மாடலிலேயே தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டும் வசதியுள்ள டிக்கியை வைத்தது. ராம் 1500-ல் 2009 மாடலில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே பெட்டி வந்தது. ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவருக்கு இவை உதவாது. அவர் கடையில்தான் பெட்டி தேட வேண்டும்.

அங்குலக் கணக்கு

பெரிய பிக்அப்புகளின் தொட்டி பொதுவாக ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என மூன்று நீளங்களில் வரும். குடும்பத்தோடு போக நான்கு கதவு கேபின் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஐந்தரை அடி. அதாவது 66 அங்குலம். அதில் 20 அங்குலத்தைப் பெட்டி எடுத்துக்கொண்டால் மிச்சம் 46. பெரிய மோட்டார் சைக்கிள் ஏற்றுபவருக்கு அங்கேயே கதை முடிந்தது.

ஆனால் தச்சருக்கு ஒரு வழி உண்டு. அமெரிக்க பிளைவுட் தகட்டின் அளவு 48-க்கு 96 அங்குலம். பெரிய ட்ரக்குகளில் சக்கரத்துக்காகத் தொட்டிக்குள் புடைத்து நிற்கும் இரு பகுதிகளுக்கும் நடுவே 48 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே இடைவெளி விட்டிருப்பார்கள், அந்தத் தகடு படுக்கையாகப் போக வேண்டும் என்பதற்காக. குறுக்குப் பெட்டி தரையைத் தொடாமல் தொங்குவதால் அதற்கு அடியில் பிளைவுட், குழாய், மரச்சட்டம் எல்லாம் நுழையும். ஆழம் அதிகமான பெட்டியில் பொருள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அடியிலுள்ள அந்த இடைவெளி போய்விடும். தொட்டியின் மேல் மடக்கு மூடி போட்டிருப்பவர்களும், தொட்டிக்குள்ளேயே கொக்கி வைத்துப் பெரிய டிரெய்லர் இழுப்பவர்களும் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முன்னவருக்கு மூடி பெட்டியில் முட்டும். பின்னவர் குட்டைத் தொட்டி வண்டியில் வளைவு திரும்பும்போது டிரெய்லரின் மூக்கே வந்து முட்டும்.

உயரமும் கணக்கில் வரும். தொட்டி விளிம்புக்கு மேல் பெட்டியின் மூடி எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு பின்கண்ணாடி மறையும். 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதிய கார்கள், பிக்அப்புகளுக்கெல்லாம் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். அது பின்னால் எடுக்கும்போதுதான் உதவும். நெடுஞ்சாலையில் பின்னால் வருபவனைப் பார்க்க உள்கண்ணாடியே கதி. அதனால்தான் மூடி தாழ்வான பெட்டிகள் தனி ரகமாகவே விற்கின்றன.

கதவோர ஸ்டிக்கர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் மஞ்சள் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று என்று பார்க்கத்தான் பலரும் அதைப் படிப்பார்கள். அதே ஸ்டிக்கரில் இன்னொரு வரி உண்டு: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. டூல் பாக்ஸ் வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய வரி இதுதான்.

1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்றால் 600 போயிற்று. காலிப் பெட்டி 100, உள்ளே கருவிகள் 300. மிச்சம் 500. வார இறுதியில் 5,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால், அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வண்டியின் கொக்கி மீது இறங்கும். அது 500 முதல் 750 பவுண்டு. பெட்டியில் இருக்கும் துருப்பிடித்த போல்ட்டுகளையும் ‘எப்போதாவது தேவைப்படும்’ சங்கிலியையும் வீட்டில் இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

குறுக்குப் பெட்டி இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பின் அச்சுக்கு முன்னால் உட்காருவதால் எடை இரண்டு அச்சுகளுக்கும் பகிர்ந்து போகும். பின்கதவு ஓரமாகக் கனத்தை வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

தகடும் பூட்டும்

பஸ் படிக்கட்டில் பார்த்திருப்போமே, வழுக்காமலிருக்கப் புடைப்பு வரிகள் போட்ட அலுமினியத் தகடு. அமெரிக்கப் பெட்டிகளின் அடையாளமே அதுதான். எடை குறைவு, அதே தடிமனுள்ள எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். துருப்பிடிக்காது. குளிர்காலத்தில் பனி உருக உப்புத் தூவும் மிச்சிகன், ஓஹையோ பக்கத்தில் இது பெரிய வரம். எஃகுப் பெட்டி உடைக்கக் கடினமானது, ஆனால் பெயின்ட் கீறிய இடத்தில் துரு தொடங்கிவிடும். பிளாஸ்டிக் மலிவு, லேசு. கனரகக் கருவிக்கும் கடப்பாரை கொண்டு வரும் திருடனுக்கும் அது தாங்காது.

தகட்டின் கனம் விஷயத்தில் ஒரு சின்னச் சூட்சுமம். அலுமினியத்தை அங்குலத்தில் சொல்வார்கள்: 0.063 மெல்லியது, 0.125 தடிமன். எஃகைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். அங்கே எண் குறையக் குறையத் தகடு கனக்கும். 16 கேஜைவிட 14 கேஜ் தடித்தது. கடையில் எண்ணைப் படித்ததோடு விடாமல், மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மறுமூலை பின்தங்கி மூடி முறுக்கிக்கொண்டால் அந்தப் பெட்டி சீக்கிரமே மழைத் தண்ணீரை உள்ளே விடும்.

மூடி ஒரே பலகையா, நடுவில் பிரிந்து இரு பக்கமும் சிறகுபோலத் திறப்பதா என்பது தொழிலைப் பொறுத்தது. நான்கடி ரசமட்டம், நீள ரம்பம் வைத்திருப்பவருக்கு ஒரே மூடி நல்லது. இரட்டை மூடியில் நடுச்சட்டம் குறுக்கே நிற்கும். சில்லறைக் கருவி அதிகம் உள்ளவருக்கு இரட்டை மூடி வசதி. எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். தினமும் எடுப்பதை வலப்பக்கம் வையுங்கள். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போவதால் நடைபாதைப் பக்கம் அதுதான். சாலையோரம் நிறுத்தி வேலை பார்ப்பவருக்குப் போக்குவரத்தில் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம்.

மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை வைத்து மூடிவிட்டு இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஒழுகும்.

நான்கு கொக்கிகள்

பொருத்துவது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தொட்டி விளிம்பைத் துடைத்து, பெட்டி ஊன்றும் இடத்தில் ரப்பர் பட்டையை ஒட்டிய பிறகே பெட்டியை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் பெயின்ட்டை அரைத்துவிடும்.

கேபினை ஒட்டிப் பெட்டியைத் தள்ளிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. கேபினும் தொட்டியும் ஒரே உடம்பு மாதிரித் தெரிந்தாலும் சேஸிஸ் மீது தனித்தனியே பூட்டப்பட்டவை. மேடு பள்ளத்தில் இரண்டும் தனித்தனியே அசையும். ஓர் அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். இரு பக்கமும் டேப் வைத்து அளந்து, பெட்டி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் டிரில் போட வேண்டியதில்லை. தொட்டிச் சுவரின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடங்கி ஓர் உதடுபோல நிற்கும். பெட்டியின் இரு ஓரத்திலும் உள்ளே துளைகள் உண்டு. ஜே எழுத்து வடிவக் கொக்கி போல்ட்டைக் கீழிருந்து அந்தத் துளை வழியே ஏற்றி, கொக்கியை உதட்டில் மாட்டி, பெட்டிக்கு உள்ளிருந்து பெரிய வாஷர் போட்டு நட்டை இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதே முறை. பலத்தைக் காட்டினால் உதடு வளைந்துவிடும். நட்டுகள் நான்கும் பெட்டிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். பெட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் பூட்டைத் திறந்தாக வேண்டும். ஒரு பூட்டு கருவியையும் காக்கிறது, பெட்டியையும் காக்கிறது. விலை பேசும்போது பூட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

எஃப்-150-ன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம். அதில் பூச்சில்லாத எஃகுக் கொக்கியை நேரடியாக மாட்டினால் ஈரமும் உப்பும் சேர்ந்து, இரு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியக் கவ்வியோ, நடுவே ரப்பரோ கட்டாயம். விளிம்பின் மேல் ஏறி மூடும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால், கொக்கி இறுகும் இடத்தில் அதை வெட்டி எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் அமுங்க அமுங்க நட்டு தளரும். எப்படியிருந்தாலும் சில நாள் ஓட்டிய பிறகு நான்கு நட்டுகளையும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

தரையில் உட்காரும் பெட்டகத்துக்கு டிரில் தேவைப்படலாம். டிரில்லைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், ஒயர்க் கட்டு மூன்றும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. துளை போட்டபின் அதன் ஓரத்துக்குப் பிரைமர் பூச மறக்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன்

வார இறுதியில் வண்டியைக் காலி செய்து, ஒரு வாரத்தில் உண்மையாகவே கையில் எடுத்த கருவிகளை மட்டும் தரையில் பரப்பிப் பாருங்கள். அவற்றில் மிக நீளமானது மூடியின் வகையைச் சொல்லும். மொத்த எடை, கதவோர ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்லும். தொட்டியில் வேறு என்ன ஏற்றுகிறீர்கள் என்பது பெட்டியின் ஆழத்தைச் சொல்லும். பரப்பியது ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டால், அதை இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு 20 அங்குலத்தையும் பல நூறு டாலரையும் மிச்சப்படுத்தலாம். அடங்காவிட்டால், வாங்க வேண்டிய பெட்டியின் அளவு ஏற்கெனவே தரையில் தெரிந்துவிட்டது. கடையில் போய்ப் பார்க்க வேண்டியது தகட்டின் கனமும் பூட்டும் மட்டும்தான்.