ஒரு வீட்டுக்கு தினமும் 18 குடம்: சுமப்பது யார்?

ராமநாதபுரம்: கோடை வந்தாலே ராமநாதபுரம் மாவட்ட கிராமப் பெண்களுக்கு தூக்கம் போச்சு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கடலோர கிராமங்கள் பலவற்றில் போர் போட்டாலும் வருவது உப்புத் தண்ணிதான். 2009-ல் காவிரி கூட்டுக் குடிநீர் திட்டம் வந்தது. ஆனாலும் குழாய் வறண்டால் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியில் அள்ளி குடம் நிரப்புவது பெண்கள்தான்.

கணக்கு இதுதான்

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டப்படி கிராமத்தில் ஒருவருக்கு தினமும் 55 லிட்டர் தண்ணீர் தரவேண்டும். 5 பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 18 குடம் தாண்டும். நிறைகுடம் ஒன்று 15 கிலோவுக்கு மேல். கழுத்து வலி, இடுப்பு வலி வராமல் என்ன செய்யும்?

அடுப்படிக்கும் அடி

உப்புச்சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. விறகும் கேசும் கூடுதல் செலவு. கொல்லையில் போட்ட கீரையும் கத்தரியும் வாடிப்போகும். சாப்பாட்டில் காய்கறி குறையும்.

எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்துவிட்டு தன் தாகத்தை அடக்குவது வீட்டுப் பெண். தண்ணீர் குறைவாகக் குடித்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதை தொற்று வரும். கர்ப்பிணிகளுக்கு இது ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியது

* குடத்துக்குள் கை விடாமல் நீளக் கைப்பிடி கரண்டியால் மொள்ளவும்.
* தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கவும். கிருமி சாகும், உப்பு மட்டும் போகாது.
* தொட்டி, குடங்களை மூடி வைக்கவும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் டெங்கு கொசு வளராது.
* குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? சுத்தமான 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுக்கவும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தூக்கிச் செல்லவும்.

கேட்கும் உரிமை உண்டு

ஜல் ஜீவன் திட்ட விதிப்படி கிராம குடிநீர் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்கு பயிற்சி தரவேண்டும். உங்க ஊரில் அந்த 5 பேர் யார்? கிராம சபையில் எழுந்து கேட்கலாம். சுமப்பவர்களே கேட்டால்தான் குழாயில் தண்ணி வரும்.