குட்டிப் பூனைக்கு வயிறு சரியில்லையா? முதல்ல சூடு, அப்புறம் தண்ணி, அப்புறம்தான் சாப்பாடு

மழை நாள்ல பார்க்கிங் பக்கம் போனா ஏதாவது ஒரு காருக்கு அடியில இருந்து மெல்லிசா ஒரு "மியாவ்" கேட்கும். மனசு கேட்காம எடுத்துட்டு வருவோம், துடைப்போம், ஒரு கிண்ணத்துல பால் வைப்போம். மறுநாள் காலையில குட்டிக்குப் பேதி. இந்த எபிசோட் அந்தக் காலைக்கானது.

நமக்குப் பேதின்னா மோர் குடிச்சுட்டு ரெண்டு நாள் படுத்துக்கலாம். நாலு வாரக் குட்டியோட மொத்த எடையே சுமார் 400 கிராம்தான். அந்த உடம்பில் சேமிப்புன்னு ஒண்ணும் கிடையாது. நீர் வத்தும், உடம்பு குளிரும், ரத்தத்துல சர்க்கரை இறங்கும். ஒண்ணு அடுத்ததை இழுத்துட்டுப் போகும். அதனால குட்டிக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

பாக்கெட் பால் ஏன் ஆகாது?

தாய்ப்பூனையின் பாலோடு ஒப்பிட்டால் மாட்டுப்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு. அதிலுள்ள லாக்டோஸும் பல குட்டிகளுக்குச் செரிக்காது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதுதான் பேதியா வெளியே வருது. தண்ணி கலந்து கொடுத்தா சத்து இன்னும் குறையும், அவ்வளவுதான். பெட் ஷாப்பில் கிடைக்கும் பூனைக்குட்டி ஃபார்முலா பவுடரை வாங்கி, டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படியே கலக்குங்க. கெட்டியா கலந்தாலும், "பாவம், பசிக்குது"ன்னு அதிகமா ஊட்டினாலும் அதுவே பேதியைக் கொண்டுவரும்.

வரிசை மாறக்கூடாது

முதல்ல சூடு. குட்டியோட வாய்க்குள் விரல் வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா அப்போ பால் கொடுக்காதீங்க. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, கொடுத்த பால் அப்படியே தேங்கும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுத்தி பக்கத்துல வைங்க. சூடு அதிகமானா நகர்ந்து போக இடமும் விடுங்க. மெதுவாத்தான் சூடேத்தணும்.

அடுத்து தண்ணி. குட்டி விழிப்பா இருந்து, தானா விழுங்கினா மட்டும், டாக்டர்கிட்ட ஃபோன்ல கேட்டுட்டு ஓ.ஆர்.எஸ். சொட்டுச் சொட்டா கொடுக்கலாம். துவண்டு கிடந்தா வாயில் எதையும் ஊத்தாதீங்க. ஒரு துளி குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிட்டு நேரா கிளினிக் போங்க. அங்கே தோலுக்கு அடியில் திரவம் ஏத்துவாங்க.

கடைசியாத்தான் சாப்பாடு. கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் படுக்க வச்சு ஊட்டக்கூடாது. வயிறு கீழே இருக்கணும், தலை லேசா மேலே. நாலஞ்சு வாரத்துல ஈர உணவு ஆரம்பிக்கலாம். எந்த உணவையும் ஒரே நாளில் மாத்தாதீங்க, ஒரு வாரம் எடுத்துக்கோங்க.

சுத்தம்னா குளியல் இல்லை

மூணு வாரத்துக்குக் கீழே உள்ள குட்டிக்குத் தானா மலம், சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கி நக்கித்தான் வர வைக்கும். தாய் இல்லைன்னா ஒவ்வொரு தடவை ஊட்டும்போதும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மெதுவா தடவி விடணும். பின்பக்கம் அழுக்கானாலும் அதே பஞ்சுதான், துடைச்ச உடனே நல்லா உலர்த்திடுங்க. பேதியில இருக்கிற குட்டியை முழுசா குளிப்பாட்டினா உடம்பு குளிர்ந்துடும்.

பினாயில், டெட்டால் வகைகள் குட்டி இருக்கிற இடத்துல வேண்டவே வேண்டாம். ஃபீனால் சார்ந்த பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியா உடைச்சு வெளியேத்த முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே ஆபத்து. பாராசிட்டமாலும் இதே காரணத்தால் பூனைக்கு விஷம். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தும் வேண்டாம், அதில் பெர்மெத்ரின் இருந்தா உயிரே போகலாம்.

லிட்டர் பாக்ஸில் கட்டியாகும் மணல் போடாதீங்க, குட்டிகள் அதைத் தின்னும். கிழிச்ச பேப்பர் போதும். தினமும் மாத்துங்க. பல ஒட்டுண்ணிகள் மலத்தோட வெளியே வந்து ஒரு நாளாவது கழிச்சுத்தான் தொற்றும் நிலைக்கு வரும், அதனால தினசரி சுத்தமே பாதி மருந்து. வீட்டில் கர்ப்பிணி இருந்தா இந்த வேலையை வேற யாராவது செய்யட்டும். வேற பூனை இருந்தா குட்டியை ரெண்டு வாரமாவது தனி அறையில் வைங்க.

லாக் எடுங்க

நம்ம வேலையில் லாக் இல்லாம பக் பிடிக்க முடியாது, இங்கேயும் அப்படித்தான். கிச்சன் தராசில் தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க. நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினா நல்லது. ஏறாம நின்னாலே எச்சரிக்கை, இறங்கினா அன்னிக்கே டாக்டர். மலத்தை ஃபோட்டோ எடுத்து வைங்க. நூடுல்ஸ் மாதிரி நெளிஞ்சா உருண்டைப்புழு, இது தாய்ப்பால் வழியாவே வரும். அரிசி மாதிரி துணுக்கு தெரிஞ்சா நாடாப்புழு, பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்கினதால் வந்தது. புழு மருந்தை ரெண்டு வார வயசிலேயே ஆரம்பிக்கலாம், ஆனா அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்லணும்.

எப்போ ஓடணும்?

வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தா, ரத்தம் தெரிஞ்சா, ஈறு வெளுத்திருந்தா, சாப்பிட மறுத்தா, துவண்டா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. தடுப்பூசி போடாத குட்டிக்கு அது பேன்லூக்கோபீனியா வைரஸா இருக்கலாம். அந்தத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துல ஆரம்பிப்பாங்க. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மத்த ஊர்ல அரசு கால்நடை மருத்துவமனையைத் தேடுங்க.

போகும்போது நாலு தகவல் கையில இருக்கட்டும்: வயசு, எடை, என்ன கொடுத்தீங்க, எப்போ ஆரம்பிச்சது. வயசு தெரியலைன்னா வாயைப் பாருங்க, முன்பல் எட்டிப் பார்த்தா சுமார் மூணு வாரம். சின்ன டப்பாவில் புது மலமும் எடுத்துட்டுப் போங்க.

குட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து கிளினிக் நம்பரை ஃபோன்ல சேவ் பண்ணிடுங்க. ராத்திரி திறந்திருப்பாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.