பழைய வண்டியோடு வாழ்தல் – 9: தண்ணீர் எப்போது வருகிறது?

ஐப்பசி அடைமழை ஆரம்பித்துவிட்டால் பட்டறைகளில் ஒரே புகார்தான்: "வண்டிக்குள்ள தண்ணி வருது." சொல்பவர் கையில் பாதி நேரம் ஒரு சிலிக்கான் டியூபும் இருக்கும். ஓட்டையைக் காட்டினால் அங்கேயே பூசிவிடுவார். அந்த டியூபை இந்த வாரம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம்.

கார் என்பது தண்ணீரே புகாத பெட்டி இல்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தாலும் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியே தரைக்குப் போய்விடும். முன் கண்ணாடியில் வழிவது, வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கிரில்லுக்குள் விழுந்து, இரண்டு ஓரமும் இறங்கி வெளியேறும். ஏசியோ தானே தண்ணீரை உண்டாக்கி, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியே ரோட்டில் சொட்டுகிறது. வர வழி இருப்பதுபோல் போகவும் வழி வைத்தே வண்டியைச் செய்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் போகிற வழியைத்தான். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் குழாயைத்தானே குத்திவிடுவோம்? கீழே கூடத்துச் சுவருக்கா பெயின்ட் அடிப்போம்?

தெரிந்தவர் ஒருவரின் பழைய மாருதி ஜென். இடது பக்கம் பின் ஸீட்டுக்குக் கீழே கார்பெட் சொதசொதவென்று ஈரம். பின் கதவின் பீடிங்கை மாற்றியும் ஈரம் நிற்கவில்லை. புதுப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கதவைத் தொடவே இல்லை.

"மழை பெஞ்சா வருதா சார், ஏசி போட்டா வருதா?"

"மழைக்குத்தான்பா. அதுவும் ராத்திரி வெளிய நிக்கும்போது."

"மூக்கு மேடா நிக்குதா, பள்ளமாவா?"

"கேட்டுகிட்ட சரிவு இருக்கு. மூக்கு மேடாத்தான் நிக்கும்."

"மரம் ஏதாவது?"

"வேப்பமரம்."

அவ்வளவுதான் விசாரணை. பானெட்டைத் தூக்கி, வைப்பரைக் கழற்றி, கிரில்லை எடுத்தார். அடியில் வேப்பிலைக் காம்பும் பூவும் மண்ணும் மட்கி, கறுப்புச் சேறாக ஓரத் துளையை அடைத்திருந்தன. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். இறங்காமல் அப்படியே தேங்கி, மெதுவாக பிளோயர் காற்று இழுக்கும் வாய்ப்பக்கம் ஏறியது. உள்ளே நுழைந்த தண்ணீர், மூக்கு மேடாக நின்றதால் கார்பெட்டுக்கு அடியிலேயே பின்னால் ஓடி, பள்ளத்தில் தங்கியிருக்கிறது. நனைந்த இடம் பின்னால், நுழைந்த இடம் முன்னால். சேற்றை விரலால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினார். தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டியது. மாற்றிய பீடிங் பணம் போனது போனதுதான்.

ஆகவே, எங்கே நனைகிறது என்பதற்கு முன்னால் எப்போது நனைகிறது என்று கேளுங்கள். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாமல், முன்னால் இடது பக்கம் உட்காருபவரின் கால் நனைந்தால் அது ஏசி. ஏசியை ஓடவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் அங்கே தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். தரை காய்ந்து கிடந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெல்லிய வளையும் கம்பியால் குத்திவிட்டாலே பல நேரம் போதும். பட்டறையில் ஏர் அடிக்கச் சொன்னால் பலமாக அடிக்கவிடாதீர்கள். குழாய் உள்ளே கழன்றுகொண்டால் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மழையும் இல்லை, ஏசியும் போடவில்லை, ஆனாலும் ஈரம் என்றால் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்து, முன் கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால், ஹீட்டர் காயிலிலிருந்து கூலன்ட் கசிகிறது. ருசி பார்க்க வேண்டாம், அது விஷம். இந்தக் கசிவைத் தள்ளிப்போட்டால் எஞ்சினே சூடேறி உட்கார்ந்துவிடும்.

மழைத்தண்ணீர்தான் என்று உறுதியாகி, துளைகளெல்லாம் சுத்தமாகவும் இருந்தால், அடுத்தது ஓஸ் சோதனை. மேட்டையும் கார்பெட்டையும் தூக்கிவிட்டு, தகரத்தைத் துடைத்து, குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் ஓடினால் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நமக்கு வேண்டியது. ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஓஸோடு வெளியே. தண்ணீர் சாதாரணமாக வழிந்தால் போதும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷரில் அடித்தால் மழைக்கு ஒழுகாத இடமெல்லாம் ஒழுகிக் குழப்பும். கீழிருந்து மேலே வாருங்கள்: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில்தான் கூரை. மேலே ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எதுவும் தெரியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். பாதிப் பேர் தோற்பது இந்தப் பொறுமையில்தான்.

கதவுச் சந்தேகத்துக்குப் பத்து ரூபாய் நோட்டு போதும். பீடிங்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்திருக்கிறது. பீடிங் நன்றாக இருந்தும் உள்ளே ஒழுகினால் டோர் பேடைக் கழற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை, ஸ்பீக்கர் மாட்ட வந்தவரோ கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்தவரோ கிழித்துப் போட்டிருப்பார். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப ஒட்டுகிற கையை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கு ரப்பரையும், கூரை ஓரத்து வாய்க்காலில் வெடித்த சீலன்டையும் பாருங்கள்.

சரி, அந்த சிலிக்கான் டியூப். காயும்போது வினிகர் வாடை அடிக்கிற ரகம் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பெயின்ட் உரிந்த தகரத்தில் பட்டால் துருவுக்கு அழைப்பு. தவிர, அது ஒழுகலை நிறுத்தாது, இடம் மாற்றும். அடுத்த மெக்கானிக் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பிக்க முடியும். மாருதி 800, அம்பாசடர் மாதிரி ரப்பரில் உட்காரும் முன் கண்ணாடி என்றால், வெயிலில் இறுகிப்போன ரப்பரையே மாற்றுங்கள். ஒட்டுகிற கண்ணாடி என்றால் கண்ணாடியை எடுத்து, சட்டத்தில் துருவைச் சுரண்டி, அதற்கென்றே உள்ள பசையில் ஒட்ட வேண்டும்.

கசிவு நின்றதோடு வேலை முடியவில்லை. கார்பெட் மேலே காய்ந்திருக்கும்; அடியில் உள்ள பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பிதுங்கும். அது தானாகக் காயாது. ஸீட்டைக் கழற்றி, கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டே அதைத் தொடுங்கள். வாசனை ஸ்பிரே அடித்துச் சமாளிப்பவர்களுக்கு அடுத்த மழைக்குள் தகரம் பதில் சொல்லிவிடும்.

கார்பெட்டைத் தூக்கியபோது தரையில் பழுப்புத் துரு தெரிந்ததா? ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். கிணுகிணுவென்று கேட்டால் பிரைமரோடு போகும். முனை உள்ளே இறங்கினால் டிங்கரிடம் போக வேண்டும். அந்தக் கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)