தார் ஓடும் சாலை

நகரப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சக்கரம் பதியும் இரண்டு தடங்களும் வாய்க்கால்போல் அமுங்கியிருக்கும். ஓரத்தில் தார் வரப்பு கட்டியதுபோல் மேடேறியிருக்கும். நாலு எட்டுத் தள்ளி, வண்டிகள் நிற்காமல் ஓடும் இடத்தில் அதே சாலை ஏறக்குறைய சமமாக இருக்கும். அதே தார், அதே ஜல்லி, அதே வெயில். நிறுத்தத்தில் மட்டும் ஏன் இப்படி?

தார் கெட்டிப் பொருள் அல்ல. மிக மெதுவாக ஓடும் திரவம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பார்னெல் 1927-ல் தாருக்கு உறவான கீலை உருக்கி ஒரு புனலில் ஊற்றினார். 1930-ல் புனலின் அடியை வெட்டிவிட்டார். 2014 வரை விழுந்தவை ஒன்பதே சொட்டுகள். அதே கீலைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும்!

சட்டென்று கடக்கும் சுமைக்குத் தார் கல்லாக நிற்கும். நின்று அழுத்தும் சுமைக்கு வழிவிடும். வெயில் ஏறினாலும் இதுவேதான் நடக்கும். வெப்பம், அந்த மெதுவான ஓட்டத்தைப் பல மடங்கு விரைவாக்கிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பும் வெயிலும் கைகோக்கின்றன. இத்தனைக்கும் நூறு கிலோ சாலைக் கலவையில் தார் ஐந்து கிலோ அளவுதான். அந்த ஐந்து கிலோ இளகினால் மீதி ஜல்லிக்குப் பிடிமானம் இல்லை.

காற்று 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது கறுத்த சாலை 60-ஐத் தாண்டிவிடும். இந்தியாவில் தாரின் பிசுபிசுப்பை 60 டிகிரியில் அளந்தே தரம் பிரிக்கிறார்கள். கோடையின் உச்ச வெப்பம் 38 முதல் 45 டிகிரி வரை உள்ள ஊர்களுக்கு வி.ஜி. 30 என்ற தரம், அதற்கும் மேல் போனால் இன்னும் கெட்டியான வி.ஜி. 40. எல்லா இடத்திலும் கெட்டித் தாரையே போட்டுவிடலாமே என்றால், குளிரில் அது வெடித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த உச்ச வெப்பம் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்தது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 2022 ஜூலையில் முதன்முறையாக 40 டிகிரி தாண்டியது. அந்த வெப்ப அலையில் லூட்டன் விமான நிலைய ஓடுபாதையின் மேற்பரப்பு கெட்டு, விமானங்கள் சில மணி நேரம் நின்றன.

மழை இன்னொரு பகை. கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம். விரிசல் வழியே இறங்கும் நீர் தாரை உரித்துவிடும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ரா. வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் கழிவு பிளாஸ்டிக்கைத் தூவிப் படலமாகப் பூசி, அதன்மேல் தார் கலக்கும் முறையைக் கண்டார். தண்ணீர் கல்லைத் தொட வழியில்லாமல் போனது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, தகுதியான விருது.

நெடுஞ்சாலைகளை இங்கே 20 ஆண்டுக் கணக்கில் வடிவமைக்கிறார்கள். இன்று போடும் சாலை 2040-களின் சித்திரை வெயிலையும் தாங்கியாக வேண்டும். போன கோடைகளின் ஏட்டைப் பார்த்து அதற்குத் தார் தேர்ந்தெடுக்கக் கூடாது.