போஸ்டரில் ஒரு முகம் மட்டும் ஏன் பெரிசு? கலரை ஏன் கூட்டுறாங்க? விஸ்காம் மாணவர்கள் கற்கும் பாடம் இதுதான்!

மதுரையில் விஸ்காம் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த செமஸ்டரில் அவருக்கு ரெண்டு வேலை. ஏதாவது ஒரு சினிமா போஸ்டரை எடுத்து அலசி எழுத வேண்டும். அடுத்து, வகுப்பு நண்பர்கள் எடுத்த குறும்படத்துக்குத் தானே ஒரு போஸ்டர் டிசைன் செய்து, ஏ3 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை ஈஸி, ரெண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்துத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனா, முதல் வேலையை ஒழுங்காகச் செய்யாதவர்கள் ரெண்டாவதில் நிச்சயம் சிக்குவார்கள். எப்படி என்று பார்க்கலாம்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்க!

போஸ்டரைப் படிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது. எழுத்து, முகபாவம் எல்லாம் மங்கிப்போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அப்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ, டிசைனர் நம்மைப் பார்க்கச் சொன்னது அதைத்தான்.

1975-ல் வெளியான 'ஜாஸ்' படத்தின் போஸ்டரை எடுத்துக்கொள்வோம். ரோஜர் காஸ்டெல் என்ற ஓவியர் வரைந்தது. மேலே நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பெண், கீழே வாயைத் திறந்து மேலே வரும் சுறா, படத்தின் பெயர் சிவப்பில். அவ்வளவுதான். ஆனா சுறா முழுசாகத் தெரியாது, தலை மட்டும்தான். உடம்பு எவ்வளவு பெரிசு என்பதை நம் மனசே கற்பனை செய்துகொள்கிறது. நீந்தும் பெண்ணுக்குக் கீழே இருப்பது தெரியாது, நமக்குத் தெரியும். பயம் வருவது அந்த இடைவெளியில்தான்.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த், 1964-ல் ஒரு பாஸ்தா விளம்பரப் படத்தை வைத்து இதைத்தான் விளக்கினார். படத்தில் இருப்பது ஒன்று, அது நமக்கு உணர்த்துவது இன்னொன்று. வலைப்பையில் இருந்து எட்டிப் பார்க்கும் தக்காளியும் மிளகாயும் வெறும் காய்கறிதான். ஆனா பார்ப்பவருக்கு அது 'இத்தாலி' என்றும், 'இப்பத்தான் சந்தையில் இருந்து வந்தது' என்றும் சொல்கிறது. வகுப்பில் இதை நேரடிப் பொருள், உணர்த்தும் பொருள் என்று பிரித்துச் சொல்லித்தருவார்கள்.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? 2018 ஜூனில் விஜய் நடித்த 'சர்கார்' ஃபர்ஸ்ட் லுக் வந்தது. அதில் அவர் சிகரெட் பற்றவைப்பதுபோல் இருந்தது. ரசிகர்களுக்கு அது மாஸ். சுகாதாரத் துறைக்கு அது புகையிலை விளம்பரம். 2003-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் போனது. சில வாரங்களில் படக்குழு அந்தப் போஸ்டரை சமூக வலைதளங்களில் இருந்து நீக்கியது. ஒரே படம், ரெண்டு தரப்புக்கும் ரெண்டு அர்த்தம்.

யார் முகம் பெரிசு?

போஸ்டர் அலசலில் மாணவர்கள் பெரும்பாலும் கலரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சிவப்புன்னா கோபம், நீலம்னா சோகம் என்று. அது பாதிதான் உண்மை, சிவப்பு கல்யாணப் புடவைக்கும் வரும். அதைவிட முக்கியமான கேள்வி, யாருக்கு எவ்வளவு இடம் என்பது.

2013 டிசம்பரில் இத்தாலியில் ஒரு சர்ச்சை. '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படம் அடிமையாக விற்கப்பட்ட ஒரு கறுப்பின மனிதரின் உண்மைக் கதை. நாயகன் சிவெடெல் எஜியோஃபோர். ஆனா அங்கே வந்த போஸ்டரில் பிராட் பிட்டின் முகம் பெரிசாக இருந்தது. படத்தில் அவர் வருவது சில நிமிடங்கள்தான். கதையின் நாயகன் கீழே சின்ன உருவமாக ஓடிக்கொண்டிருந்தார். கடும் எதிர்ப்பு வந்தது, அனுமதி இல்லாமல் செய்யப்பட்டது என்று சொல்லி அந்தப் போஸ்டர்கள் திரும்பப் பெறப்பட்டன.

ரெண்டு வருஷம் கழித்து 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தின் சீனப் போஸ்டரிலும் கிட்டத்தட்ட இதே கதை. முக்கிய நடிகரான ஜான் போயேகாவின் உருவம், மற்ற நாடுகளின் போஸ்டரில் இருந்ததைவிடச் சின்னதாகியிருந்தது. 'தி ஹீட்' படத்தின் பிரிட்டன் போஸ்டரில் மெலிசா மெக்கார்த்தியின் முகத்தை ஒல்லியாக்கியதும் பெரிய பேச்சானது.

சாஃப்ட்வேரில் பார்த்தால் இதெல்லாம் சில நிமிட வேலை. ஒரு லேயரைப் பிடித்துச் சின்னதாக்கினால் முடிந்தது. வெளியே அது யாரை மதிக்கிறோம் என்ற கேள்வியாகிவிடுகிறது.

சரி, எடிட்டிங்குக்கு வருவோம்

நம்ம மாணவி இப்போது ரெண்டாவது வேலைக்கு உட்காருகிறார். ஃபோட்டோஷாப் இல்லாவிட்டால் பரவாயில்லை. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப், பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ ரெண்டிலும் இந்த வேலை நடக்கும்.

முதல் அடி விழுவது பிக்சல் கணக்கில். ஏ3 தாளில் தெளிவாக பிரிண்ட் வர, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 3508-க்கு 4961 பிக்சல் தேவை. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ 1080 பிக்சல் அகலம்தான் என்றால், அது 3.6 அங்குலத்துக்குத்தான் தாங்கும். இழுத்துப் பெரிசாக்கினால் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரிஜினல் ஃபைலை கேமராவில் இருந்து நேரடியாகவோ, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆகவோ வாங்க வேண்டும்.

அடுத்தது ஆளை வெட்டி எடுப்பது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தப்பு, பின்னணியை அழிப்பானால் அழித்துவிடுவது. அழித்தது போனது போனதுதான். லேயர் மாஸ்க் போட்டால் எதுவும் அழியாது. மாஸ்க்கில் கறுப்பு தீட்டிய இடம் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும். காதுப் பக்கம் கொஞ்சம் முடி போய்விட்டதா? மறுநாள்கூட மீட்டு எடுக்கலாம்.

வெட்டியதை இன்னொரு பின்னணியில் வைத்ததும் ஏதோ இடிக்கும். என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஒட்டாது. பெரும்பாலும் காரணம் வெளிச்சம்தான். முகத்தில் வெயில் இடப்பக்கம் இருந்து விழ, பின்னணியில் சூரியன் வலப்பக்கம் இருக்கும். இதைக் கலரை மாற்றிச் சரிசெய்ய முடியாது. வேறு பின்னணி தேடுவதே புத்திசாலித்தனம். காலுக்குக் கீழே நிழல் இல்லையென்றால் ஆள் மிதப்பார். ஒரு படம் மழமழப்பாகவும் இன்னொன்று புள்ளி புள்ளியாகவும் இருந்தாலும் ஒட்டு தெரிந்துவிடும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை அடித்தால் சில சமயம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். ஃபான்ட் கெட்டுப்போச்சு என்று நினைத்து நாலைந்து ஃபான்ட் மாற்றிப் பார்ப்பார்கள். ஃபான்ட் மேல் தப்பில்லை. பழைய பதிப்பு என்றால், செட்டிங்ஸில் எழுத்துக்கான பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை ஆன் செய்துவிட்டு சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு விஷயம், ஸ்கிரீனில் மின்னும் பச்சையும் நீலமும் தாளில் அப்படியே வராது. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கலந்து கலர் காட்டுகிறது, பிரிண்டர் மையைக் கலக்கிறது. அதனால் முழுசாக அடிக்கும் முன் சின்னதாக ஒரு சாம்பிள் எடுத்துப் பார்ப்பது நல்லது.

"இது நான் இல்லையே?"

போஸ்டர் ரெடி. குறும்படத்தில் நடித்த தோழிக்குக் காட்டுகிறார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்கிறார், "நல்லாத்தான் இருக்கு... ஆனா இது நான் இல்லையேடி?"

என்ன நடந்தது? பருவை எடுத்தார், கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் குறைத்தார். கை பழகிய வேகத்தில் தோல் நிறத்தையும் ரெண்டு மூணு படி ஏற்றிவிட்டார். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் இருந்து கல்யாண ஆல்பம் வரை நாம் பார்த்து வளர்ந்தது அப்படி. செல்ஃபி ஆப்கள் பலவும் கேட்காமலேயே அதைத்தான் செய்கின்றன.

ரீடச்சிங்கில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு வாரத்தில் தானாக மறையக்கூடிய பரு, கீறல் போன்றவற்றை எடுக்கலாம். மச்சம், தழும்பு, நிறம், முக அமைப்பு போன்றவற்றை அவரைக் கேட்காமல் தொடக்கூடாது. முகம் இருட்டாக இருக்கிறது என்றால் மொத்தப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டலாம். அப்போது சுவர், சட்டை, தோல் எல்லாம் சேர்ந்து மாறும். தோலை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுத்தால் அது வெளிச்சம் சரிசெய்வது ஆகாது, ஆளை மாற்றுவது.

இத்தனைக்கும் இந்த மாணவி தன் முதல் அசைன்மென்டில் எழுதியது இத்தாலி போஸ்டரைப் பற்றித்தான்!

நல்லவேளை, நிறம் ஏற்றியதைத் தனி லேயரில் செய்திருந்தார். அந்த லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியைத் தட்டினார், பழைய முகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஜேபெக்காக மட்டும் சேமித்திருந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். பின்னணியில் போட்டிருந்த மலைப் படத்தையும் அன்றைக்கே மாற்றினார். கூகுளில் தேடி எடுத்தது அது, யாருடையது என்றே தெரியாது. பதிலாக அழகர்கோவில் பக்கம் போய்த் தானே ஒன்று எடுத்தார். வானம் கொஞ்சம் வெளுப்புதான், ஆனா வெயில் விழும் பக்கம் சரியாகப் பொருந்தியது.

கடைசியாக பிரிண்டிங் கடை. ஸ்கிரீனில் ஃபைலைத் திறந்து பார்த்த கடைக்காரர், "முகம் டல்லா இருக்கேம்மா, கொஞ்சம் பிரைட் பண்ணித் தரவா?" என்றார்.

"வேணாம்ண்ணே, இருக்கிறபடியே அடிங்க."