காலணித் தடமும் கணிப்பொறியின் கண்ணும்

களவு செய்ய வருபவன் கைக்கு உறை மாட்டிக்கொண்டு வரலாம். முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வரலாம். ஆனால் தரையில் கால் வைக்காமல் வர அவனால் இயலாது. ஆகையால்தான் குற்றம் நிகழ்ந்த இடத்தில் விரல் ரேகையைத் தேடும் காவல் துறையினர் காலணித் தடத்தையும் தேடுகின்றனர். அந்தத் தடத்தைக் கணிப்பொறி படித்தறிய முடியுமா? முடியுமென்றால், அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

இப்பேச்சுக்கு ஆயத்தம் செய்தபொழுது ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். என் தம்பியும் நானும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவில் ரப்பர் செருப்பு வாங்கியிருந்தோம். ஓராண்டு அணிந்த அச்செருப்புகளின் அடிப்புறத்தில் எண்ணெயில் குழைத்த கரியைப் பூசிக்கொண்டு, ஆளுக்குப் பத்து வெள்ளைத் தாள்களின்மேல் நடந்தோம். இருபது தாள்களையும் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒற்றுமை. அலையலையான வரிகள் இருவர் தடத்திலும் ஒன்றாகவே இருந்தன. அச்சில் வார்த்துத் தொழிற்சாலை தந்த அமைப்பு அது. அதே செருப்பை வாங்கிய அனைவருக்கும் பொது. அடுத்துத் தெரிந்தது தேய்மானம். எனக்கு வலக் குதிகாலின் வெளிப்புறம் தேய்ந்திருந்தது, தம்பிக்கோ விரற்பகுதி. மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது. தம்பியின் செருப்பில் எப்பொழுதோ ஓர் ஆணி கீறிய வடு, அவன் தாள்கள் சிலவற்றில் மெல்லிய வெண்கோடாக விழுந்திருந்தது. அத்தகைய வடு தற்செயலாக நேர்வது. அதே இடத்தில் அதே வடிவில் இன்னொரு செருப்பில் அமைவது அரிது.

தடயவியல் அறிஞர்கள் காலணித் தடத்தில் காண்பவை இம்மூன்றுமே: அமைப்பும் அளவும் ஒன்று, தேய்மானம் இரண்டு, தற்செயல் வடு மூன்று. முதலாவது, காலணி எந்த வகை என்று சொல்லும். மூன்றாவதுதான், அந்த வகையில் எந்தக் காலணி என்று சொல்ல வல்லது.

ஆனால் என் சோதனையில் ஒரு தொல்லையும் வெளிப்பட்டது. என்னுடைய பத்துத் தாள்களையே எடுத்துக்கொண்டால், அவற்றுள் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. ஒன்றில் முன்பாதி மட்டும் பதிந்திருந்தது. ஒன்றில் கால் சற்றே திரும்பி வரிகள் இழுபட்டிருந்தன. குளித்த தரையைப்போல் வழவழப்பான தாளிலேயே இப்படி என்றால், குற்றம் நிகழ்ந்த இடத்தின் நிலை என்ன? அங்கே தடம் புழுதியில் இருக்கும், சேற்றில் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பலர் மிதித்த தரையில் இருக்கும். தரைப் புழுதியில் பட்ட தடத்தை நிலைமின்சாரம் ஏற்றிய மெல்லிய தகட்டினாலோ ஜெலட்டின் பூசிய தாளினாலோ ஒற்றி எடுப்பார்கள். மண்ணில் பதிந்ததைச் சாந்து வார்த்து அச்செடுப்பார்கள். எப்படி எடுத்தாலும் கிடைப்பது பெரும்பாலும் பாதித் தடமே.

இந்தப் பாதித் தடத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான காலணிப் படங்களுள் பொருத்தமானதைத் தேட வேண்டும். மனிதக் கண் சோர்ந்துவிடும் வேலை இது. இங்கேதான் கணிப்பொறி வருகிறது.

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் தம் டாக்டர் பட்டத்திற்கு இதையே பொருளாக எடுத்துக்கொண்டார். 2014ஆம் ஆண்டு அவரும் அவருடைய குழுவினரும் ஒரு படத்தொகுதியை வெளியிட்டனர். உண்மையான குற்ற இடங்களிலிருந்து கிடைத்த 300 தடங்களும், ஒப்பிடுவதற்கான 1175 தெளிவான காலணிப் பதிவுகளும் அதில் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் அழகாகப் பதித்த தடங்களை வைத்துக்கொண்டு வெற்றி கண்டவர்கள் முன்னரே பலர் உண்டு. உண்மையான தடங்களை எல்லோரும் சோதித்துப் பார்க்குமாறு திறந்து வைத்ததே இத்தொகுதியின் சிறப்பு.

அவர்கள் கையாண்ட வழி எளிய ஓர் உண்மையைப் பற்றியது. காலணியின் அடிப்புற அமைப்பில் ஒரே வடிவம் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். புழுதியும் கறையும் அவ்வாறு ஒழுங்காகத் திரும்ப வருவதில்லை. ஆகவே சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் தோன்றுவது எதுவோ அதுவே காலணி, மற்றது அழுக்கு. கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே தாளத்தை மட்டும் காது பிடித்துக்கொள்வதைப் போன்றது இது.

2017ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் அவருடன் உழைத்தவர்களும் அதே 300 தடங்களை வேறொரு வழியில் ஆராய்ந்தனர். நரம்பு வலையமைப்பு என்னும் கணிப்பொறி முறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல இலட்சம் சாதாரணப் படங்களைக் காட்டி, பொருள்களை இனங்காணப் பழக்கிய ஒரு வலையமைப்பை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அது படத்தைப் பல சல்லடைகளில் சலித்துப் பார்க்கிறது எனலாம். ஒரு சல்லடையில் சாய்ந்த கோடுகள் நிற்கும், ஒன்றில் வளைவுகள், ஒன்றில் புள்ளிக் கூட்டங்கள். தடத்தையும் காலணிப் பதிவையும் ஒவ்வொரு சல்லடையிலும் தனித்தனியே ஒப்பிட்டு, கிடைத்த ஒப்புமைகளின் சராசரியைக் கணித்தனர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இத்தகைய ஆய்வில் கணிப்பொறி, ‘இதுதான் காலணி’ என்று விரல் நீட்டுவதில்லை. 1175 பதிவுகளையும் பொருத்தத்தின் வரிசையில் அடுக்கித் தருகிறது. உண்மையான விடை முதல் 1 சதவீதத்தில், அதாவது ஏறக்குறைய முதல் 12 படங்களுள், எத்தனை முறை வருகிறது என்பதே அதன் திறமைக்கு அளவுகோல். அந்தப் பன்னிரண்டையும் பார்த்து முடிவு செய்வது மனிதனின் பொறுப்பு. மேலும், கிடைக்கும் விடை காலணியின் வகை மட்டுமே. என் தாளைக் கொடுத்தாலும் தம்பியின் தாளைக் கொடுத்தாலும் இம்முறை ஒரே செருப்பைத்தான் காட்டும்.

வகையிலிருந்து ஆளுக்குத் தாவும்பொழுதுதான் ஆபத்து நேர்கிறது. 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலைவழக்கில் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. குற்றம் சாட்டப்பட்டவரை ‘டி’ என்ற ஒற்றை எழுத்தால் மட்டும் குறிக்கும் வழக்கு அது. அவருடைய நைக் காலணியைத் தடத்தோடு ஒப்பிட்ட நிபுணர் இவ்வாறு கணக்கிட்டிருந்தார்: அவ்வகை அமைப்பு 5 காலணிகளில் 1, அந்த அளவு 10இல் 1, அவ்வளவு தேய்மானம் 2இல் 1. ஐந்தையும் பத்தையும் இரண்டையும் பெருக்கினால் 100.

இந்த நூறு எதைச் சொல்கிறது? இக்கணக்கின்படி நூற்றில் ஒரு காலணி இத்தடத்தோடு பொருந்தும். இலட்சம் பேர் வாழும் ஓர் ஊரில் இதே கணக்கைப் போட்டால், பொருந்தும் காலணி உடையவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரவரில் யார் என்பதை அந்த எண் சொல்லாது. அன்றியும், ஐந்தில் ஒன்று என்ற கணக்கு ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்ந்த காலணிகளைக் கொண்டு எழுந்தது. தெருவில் நடப்போர் அணியும் காலணிகளை எண்ணிப் பெற்றது அன்று. பெருக்கல் வாய்பாடு சரியே. பெருக்கப்பட்ட எண்களின் அடித்தளம் உறுதியாக இல்லை. அத்தகைய கணக்கைக் காலணித் தடத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று கூறிய நீதிபதிகள், அவருக்கு எதிரான தீர்ப்பை ரத்துச் செய்தனர்.

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் இதை ஆராய்ந்தது. தனிப்பட்ட வடுக்களைக் கொண்டு தடத்தை ஒரு குறிப்பிட்ட காலணியோடு இணைக்கும் முறை எத்தனை முறை சரியாகிறது, எத்தனை முறை தவறுகிறது என்பதைக் காட்டும் தக்க சோதனைகள் இல்லை என்று அக்குழு கூறிற்று. அம்முறை பொய் என்று அது கூறவில்லை. அளந்து பார்க்கப்படவில்லை என்றே கூறியது.

அளந்து பார்க்கும் வேலையை மேற்கொண்ட ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தடயவியல் புள்ளியியல் மையத்தில், ஒரே வகைப் புதுக் காலணிகளைப் பலருக்குக் கொடுத்து, மாதக்கணக்கில் அணியச் செய்து, இடையிடையே அடிப்புறத்தைப் பதிவு செய்தனர். இப்பதிவுகளை ஒப்பிட அங்கே உருவான ஒரு முறை 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விண்மீன்களின் இரண்டு வரைபடங்களை நீங்கள் எப்படி ஒப்பிடுவீர்கள்? படம் திரும்பியிருந்தாலும், மீன்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாறாது அல்லவா? அவ்வாறே இரு பதிவுகளிலும் புள்ளிகளைத் தேர்ந்து, தொலைவுகள் ஒத்துவரும் மிகப் பெரிய கூட்டத்தைக் கணிப்பொறி கண்டுபிடிக்கிறது. அதைக் கொண்டு ஒன்றை மற்றதன்மேல் பொருத்தி, ஒப்புமைக்கு ஒரு மதிப்பெண் வழங்குகிறது. எந்தப் பதிவு எந்தக் காலணியினுடையது என்பது முன்னரே தெரியுமாதலால், மதிப்பெண் எப்பொழுது ஏமாற்றுகிறது என்பதையும் எண்ணிச் சொல்ல முடிகிறது. நீதிமன்றத்திற்கு வேண்டியது அந்த எண்ணிக்கைதான்.

என் சோதனையின் முடிவை இன்னும் நான் சொல்லவில்லை. தாள்களின் பின்புறத்தில் பெயரெழுதி, இருபதையும் கலைத்துவிட்டு, முன்புறத்தை மட்டும் பார்த்து என்னுடையவை இவை, தம்பியுடையவை இவை என்று பிரித்தேன். திருப்பிப் பார்த்தபொழுது சில தவறாக இருந்தன. அவற்றைப் பிரித்தபொழுதும் எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை என்பதுதான் வியப்பு. வீட்டுக் கூடத்தில் நான் செய்த பிழையால் ஒருவருக்கும் கேடில்லை. அதே பிழையை ஒரு நிபுணரோ கணிப்பொறியோ செய்தால் ஒருவர் சிறை செல்ல நேரும். அதனால், உங்களுள் எவரேனும் நாளை இத்துறையில் புகுந்து ஒரு கருவியை உருவாக்கினால், அது எத்தனை முறை வென்றது என்பதற்கு முன்னால் எத்தனை முறை தவறியது என்பதை எழுதி வையுங்கள்.